இடப்பக்கம் வந்து சேராத இரத்தம்

இதயத்தின் வரலாறு – பகுதி 19

2006 முதல் 2015 வரையிலான பத்து ஆண்டுகளில் ஜொகூர் மாநிலத்தில் உயிரோடு பிறந்த குழந்தைகள் 531,904. அவர்களில் 3,557 பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் குறை. அதிலும் 668 பேருடையது தவணை கேட்க முடியாத குறை; உரிய காலத்தில் கை வைக்காவிட்டால் குழந்தை தங்காது. ஆயிரம் பிறப்புக்கு 1.26 என்று வருகிறது. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் குழந்தை இதயப் பிரிவு ஒவ்வொரு குழந்தையாகப் பதிந்துவைத்த ஏட்டிலிருந்து எடுத்த கணக்கு இது. மருத்துவர் முகமட் நிஜாம் மாட் பாவும் அவருடைய சகாக்களும் 2020-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். குறை எத்தனை பேருக்கு என்பதோடு, அது எத்தனை பேருக்குப் பிந்தித் தெரியவந்தது என்பதையும் தலைப்பிலேயே சேர்த்திருந்தார்கள்.

ஜொகூரின் வரலாற்றைச் சுல்தான்களை வைத்தும் ரப்பர் விலையை வைத்தும் எழுதலாம், எழுதியிருக்கிறார்கள். என் கணக்கில் இந்தப் பதிவேடும் அவற்றுக்குக் குறையாத ஆவணம். இதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் இதே மண்ணில் இதே குறைகளோடு பிறந்து இறந்தவர்கள் எந்த ஏட்டிலும் தங்கள் நோயின் பெயரோடு இல்லை.

இதயச் சுவரில் விழும் ஓட்டைகளையும், 1944-ல் பால்டிமோரில் நடந்த நீலக் குழந்தை அறுவையையும் முந்தைய பகுதிகளில் பார்த்தாயிற்று. இந்தப் பகுதி சிரைகளைப் பற்றியது. இங்கே பெரும்பாலும் இதயத்தின் அறைகளும் வால்வுகளும் ஒழுங்காகவே அமைந்திருக்கும். அதற்குள் வந்து சேரவேண்டிய பெரிய சிரைகள் மட்டும் வேறெங்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

உடம்பைச் சுற்றிவிட்டு ஆக்சிஜன் குறைந்து வரும் இரத்தம், மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை என்ற இரண்டின் வழியாக வலது மேலறைக்குள் நுழைகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு, நான்கு நுரையீரல் சிரைகள் வழியாக இடது மேலறைக்கு வருகிறது. இடப்பக்கம் அதை உடம்புக்கு அனுப்புகிறது. நான்கு சிரைகளில் ஒன்று மட்டும் வலப்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தால், ஒருவர் பேரன் பேத்தி எடுக்கும் வரைகூட அது தெரியாமலே போகலாம். நான்குமே வலப்பக்கம் போய்விட்டால் கதை வேறு. இடப்பக்கத்துக்கு நல்ல இரத்தம் ஒரு துளியும் நேராக வராது. இரண்டு மேலறைகளுக்கும் நடுவே கருவில் எல்லோருக்கும் இருக்கும் துளை திறந்திருப்பதால்தான், நல்லதும் கெட்டதும் கலந்த இரத்தமாவது இடப்பக்கம் தாண்டி உடம்புக்குக் கிடைக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு மூடிக்கொள்ளவேண்டிய துளை இந்தப் பிள்ளைக்கு உயிர்நாடி.

உலக அளவில் 10,000 முதல் 15,000 பிறப்புக்கு ஒன்று என்று மதிப்பிடப்படும் அரிய குறை இது. ஜொகூரின் பிறப்புகளோடு அதைப் பொருத்தினால் ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து குழந்தைகள். சிறிய எண்தான். ஆனால் சிகிச்சையே இல்லாத காலத்தில் இப்படிப் பிறந்தவர்களில் ஐந்தில் நால்வர் முதல் பிறந்தநாளைப் பார்த்ததில்லை.

சிரைகள் ஏன் வழி மாறுகின்றன? கருவின் நான்காம் வாரத்தில் நுரையீரல் ஒரு சின்ன மொட்டு. அதற்கென்று தனிச் சிரை இன்னும் கிடையாது. உடம்பின் பொதுச் சிரைகளோடும், கல்லீரல் பக்கம் போகும் சிரைகளோடும் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை அனுப்புகிறது. அதே சமயத்தில் இதயத்தின் பின்புறத்திலிருந்து ஒரு குழாய் முளைத்து நுரையீரலை நோக்கி வளர்கிறது. இரண்டும் இணைந்ததும் பழைய தொடர்புகள் அற்றுப்போகின்றன. தோட்டத்துக்குத் தார்ச்சாலை வந்த பிறகு பழைய செம்மண் பாதையைப் புல் மூடிவிடுவது மாதிரி. தார்ச்சாலை வந்து சேராவிட்டால் சனங்கள் செம்மண் பாதையிலேயே நடப்பார்கள், அதுவும் அகன்றுகொண்டே போகும். கருவிலும் அப்படித்தான். இதை 1956-ல் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர், இங்கிலாந்திலிருந்து பால்டிமோர் போய், குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக்கோடு பணியாற்றிய கேத்தரின் நீல்.

எந்தப் பழைய பாதை தங்கிவிட்டது என்பதைப் பொறுத்துக் குழந்தையின் தலையெழுத்து மாறுகிறது. 1957-ல் டார்லிங்கும் அவருடைய இரு சகாக்களும் 17 குழந்தைகளின் பிணப் பரிசோதனைகளை வைத்து இதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். இன்றும் அந்தப் பிரிவுதான் புழக்கத்தில் இருக்கிறது. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குச் சிரைகள் ஒன்றுகூடி, இதயத்துக்கு மேலே ஏறி, மேற்பெருஞ்சிரையில் போய் விழும். சிலருக்கு இதயத்தின் வலது மேலறையிலேயே நேராகத் திறக்கும். மிகச் சிலருக்கு இந்த வழிகள் கலந்து வரும். கொடியது கீழே இறங்கும் வகை. சிரை உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போய், கல்லீரலுக்குள் செல்லும் சிரையோடு கலந்துவிடும். பிறந்ததும் தொப்புள்கொடியின் வழி மூடிக்கொள்ள, நுரையீரலிலிருந்து வரும் மொத்த இரத்தமும் கல்லீரலின் நுண்குழாய்களைத் தாண்டித்தான் இதயத்துக்கு வரவேண்டியிருக்கும். தாண்ட முடியாமல் தேங்கும். நுரையீரல் நீர் கோத்துக்கொள்ளும். அந்தக் குழந்தைக்குக் கெடு சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள்.

இதைக் கண்டவர்களின் வரிசை நீளமானது. அவர்களில் முந்தியவர்கள் எல்லோரும் இறந்த உடலில்தான் கண்டார்கள். 1739-ல் பாரிஸில் டென்மார்க்காரரான வின்ஸ்லோ, ஒற்றைச் சிரை வலப்பக்கம் போய்ச் சேர்ந்திருந்ததை எழுதினார். 1798-ல் லண்டனில் ஜேம்ஸ் வில்சன் என்ற உடற்கூறு ஆசிரியர், ஏழு நாள் வாழ்ந்த ஒரு குழந்தையின் இதயத்தை ராயல் சொசைட்டியின் ஏட்டில் விவரித்தார். அந்த இதயத்தில் வேறு பெரிய கோளாறுகளும் இருந்தன. ஆனாலும் நுரையீரல் சிரைகள் எல்லாமே இடம் மாறியிருந்ததாக உலகத்துக்குத் தெரியவந்த முதல் குழந்தை அதுதான். 1836-ல் லண்டனில் கூப்பரும் பாரிஸில் ஷசினாவும், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல், வலது நுரையீரலின் சிரை கீழ்நோக்கி வளைந்து கீழ்ப்பெருஞ்சிரையில் சேரும் இன்னொரு வகையை விவரித்தார்கள். எக்ஸ்ரே வந்த பிறகு அந்தச் சிரையின் நிழல் துருக்கி வாளைப் போல வளைந்து தெரிய, அந்தக் குறைக்கே வாளின் பெயர் வந்தது. 1942-ல் பிராடி என்பவர் அதுவரை உலகில் எழுதப்பட்டவற்றைத் திரட்டியபோது, ஒரு சிரையும் பல சிரையுமாக எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேர்தான் தேறினார்கள்.

நடுவில் ஜான் மார்ஷலை விட்டுவிடக் கூடாது. 1850-ல் அவர் எழுதியது, கழுத்திலிருந்து இறங்கும் பெருஞ்சிரைகளைப் பற்றி. கருவில் வலமும் இடமுமாக இரண்டு இருக்கும்; பிறகு இடது மறைந்து ஒரு நாராக மட்டும் நம் எல்லோருடைய இதயத்தின் பின்னாலும் ஒட்டியிருக்கும். ஆயிரம் பேரில் மூவருக்கு அது மறையாமல் தங்கிவிடுகிறது. பெரும்பாலும் தொல்லையில்லை, இதயத்தின் சொந்தச் சிரை வழியாக வலது மேலறைக்கே போய்விடும். பேஸ்மேக்கர் வைக்க வந்த மருத்துவர், கம்பி போகக்கூடாத பக்கம் போவதைப் பார்த்துத் திகைக்கும்போதுதான் சம்பந்தப்பட்டவருக்கே அது தெரியவரும். அது இடது மேலறையில் திறந்துவிட்டால் மட்டுமே தொல்லை. இந்தச் சிரைக் குறைகளின் குடும்பத்தில் இது சாது.

வில்சனின் ஏட்டுக்கும், உயிரோடிருப்பவரிடம் இந்தக் குறையை உறுதிசெய்த நாளுக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு. கையின் சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, ஒவ்வோர் அறையிலிருந்தும் இரத்தம் எடுத்து ஆக்சிஜனை அளக்கும் முறை 1940களில் பரவியது. வலது மேலறை இரத்தத்திலும் காலின் தமனி இரத்தத்திலும் ஆக்சிஜன் ஒரே அளவாக இருந்தால் சந்தேகம் உறுதி. 1950-ல் பால்டிமோரில் ஃப்ரீட்லிக், பிங், பிளவுண்ட் மூவரும் சிரைகள் வழி மாறியவர்களை இப்படி அளந்து எழுதினார்கள்.

இந்த ஒன்றரை நூற்றாண்டில் ஜொகூரில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். இல்லையென்றால் இது லண்டன், பாரிஸ், பால்டிமோர்க்காரர்களின் கதையாகவே நின்றுவிடும். 1914-ல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றுக்கொண்ட ஜொகூரில் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய், சிகாமட் என்று தமிழர்கள் குடியேறிய லயங்கள் பெருகின. தாய் விடியலுக்கு முன் மரம் சீவப் போனால் குழந்தை ஆயாக் கொட்டகையில். உடம்புக்கு வந்தால் முதலில் பார்ப்பவர் தோட்டத்து டிரஸர். அவர் காலத்து எதிரிகள் மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுப்போக்கும். பால் குடிக்க முடியாமல் மூச்சிரைத்து, உதடு கறுத்து, பத்தாம் நாளோ இருபதாம் நாளோ அடங்கிப்போன குழந்தைக்கு வீட்டார் மாந்தம் என்றோ தோஷம் என்றோ பேர் வைத்தார்கள். மலாயாவின் சாவுப் பதிவுகளில் குழந்தைகளுக்கு அடிக்கடி எழுதப்பட்ட காரணம் ‘இழுப்பு’. வில்சன் பார்த்ததைப் போன்ற இதயங்கள் இங்கேயும் துடித்திருக்கும். திறந்து பார்க்க ஆளில்லை. டிரஸரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரிடம் இருந்ததை வைத்து உலகின் எந்த மருத்துவராலும் அன்று அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அறுவையின் வரலாறு 1951-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்குகிறது. வில்லியம் முல்லர், இதயத்தைத் திறக்காமலே, வழி மாறிய சிரையை இடது மேலறையின் காதுபோன்ற மடிப்போடு இணைத்தார். அரைத் தீர்வு. முழுத் தீர்வுக்கு இதயத்தை நிறுத்தியாகவேண்டும். 1956-ல் மின்னசோட்டாவில் ஜான் லூயிஸ் உடம்பைக் குளிர வைத்தும், மேயோ கிளினிக்கில் பரோஸும் கிர்க்லினும் இதய–நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டும் சரிசெய்ததாக அறிவித்தார்கள். ஆனால் யாருக்கு உடனே வேண்டுமோ அந்தப் பச்சிளம் குழந்தைகளுக்கு அது வாய்க்கவில்லை. மூன்று கிலோ குழந்தையின் மொத்த இரத்தம் சுமார் 250 மில்லி லிட்டர். அன்றைய இயந்திரத்தின் குழாய்களை நிரப்பவே அதைப் போலப் பல மடங்கு தேவைப்பட்டது. 1960களில் கைக்குழந்தைகளின் மார்பைத் திறந்தவர்கள் காப்பாற்றியதைவிட இழந்ததே அதிகம்.

திருப்பம் வந்தது நியூசிலாந்திலிருந்து. ஆக்லாந்தின் கிரீன் லேன் மருத்துவமனையில் பிரையன் பாரட்-பாய்ஸ், ஜப்பானியர்கள் முன்னெடுத்த ஒரு முறையை 1969 வாக்கில் கையிலெடுத்துச் செப்பனிட்டார். மயக்க மருந்து கொடுத்த குழந்தையைச் சுற்றிப் பனிக்கட்டிப் பைகள். உடம்பின் வெப்பம் மெல்ல இறங்கியதும் இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டி இன்னும் குளிர்விப்பார்கள், 20 டிகிரியை ஒட்டி. பிறகு இயந்திரத்தையும் நிறுத்திவிடுவார்கள். இதயத் துடிப்பு இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, அறுவைக்கு இடைஞ்சலாகக் குழாய்களும் இல்லை. குளிர்ந்த மூளை ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குள் இதயத்தைத் தூக்கி, அதன் பின்னாலிருக்கும் பொதுச் சிரையை நீளவாக்கில் திறந்து, இடது மேலறையின் முதுகோடு எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக வைத்துத் தைத்து, நடுத்துளையை மூடி, பழைய பாதையைக் கட்டிவிட வேண்டும். 1971-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைக்குப் பிறகு, ‘குழந்தை வளரட்டும், பார்க்கலாம்’ என்ற பேச்சு உலகெங்கும் மெல்லத் தேய்ந்தது. இந்தத் தொடரில் நான் எழுதிய அறுவைகளில் என்னை அதிகம் மிரட்டியது இதுதான். உயிரின் அடையாளம் ஒன்றுமில்லாத ஒரு சிசுவின் மேல், கடிகாரத்தைப் பார்த்தபடி தைக்கும் அந்த நெஞ்சுரம் எங்கிருந்து வந்ததோ!

தமிழ்நாட்டில் ரீவ் பெட்ஸ் வேலூரில் தொடங்கிய நெஞ்சறுவைப் பிரிவிலிருந்து என். கோபிநாத் 1960களின் தொடக்கத்திலேயே திறந்த இதய அறுவைக்கு வந்துவிட்டார். அதைத் தனியாக எழுதுகிறேன். மலேசியாவில் இந்தத் துறை மக்கள் மனதில் பதிந்தது 1989 ஜனவரியில். பிரதமர் மகாதீர் தமது இதய அறுவைக்கு வெளிநாடு போகாமல் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையிலேயே, மருத்துவர் யஹ்யா அவாங்கின் கையில், படுத்தார். 1992-ல் தேசிய இதயக் கழகமான ஐ.ஜே.என். அங்கே உருவானது. பெரியவர்களோடு குழந்தைகளுக்கும் அதுவே நாட்டின் முதன்மை இதய அறுவைக்கூடமானது.

ஜொகூர் பாருவிலிருந்து அது சுமார் 330 கிலோமீட்டர். 1994-ல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கும் வரை பழைய கூட்டரசுச் சாலைதான், லாரிகளுக்குப் பின்னால். எதிர்த்திசையில், 1924-ல் திறந்த 1,056 மீட்டர் தாம்போதியைக் கடந்தால் சிங்கப்பூர். தூரத்தைப் பார்த்தால் அதுதான் பக்கம். ஆனால் 1965-ல் அது வேறு நாடு. 1973-ல் இரு நாட்டுப் பணமும் சரிக்குச் சரி மாறுவது நின்றது. அதன் பிறகு ரிங்கிட் சரியச் சரிய, அக்கரை மருத்துவமனை ஜொகூர்க் குடும்பத்துக்கு வெளிச்சம் மட்டும் தெரியும் ஊரானது. வரைபடத்தில் இதயத்துக்குப் பக்கத்திலேயே போய், வேறிடத்தில் சேரும் அந்தச் சிரைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சாலையின் நீளம் பிறகு வரும் தடை. குழந்தைக்கு என்ன என்று தெரிவதுதான் முதல் தடை, அதிலேதான் இந்தக் குறை எல்லோரையும் ஏமாற்றுகிறது. இதயக் குறை என்றால் ஸ்டெதஸ்கோப்பில் இரைச்சல் கேட்கவேண்டும் என்று எதிர்பார்ப்போம். அடைப்புள்ள வகையில் பெரும்பாலும் கேட்காது. எக்ஸ்ரேயில் இதயம் சிறியதாகவே இருக்கும், நுரையீரல் மட்டும் மங்கலாகத் தெரியும். குறைமாதக் குழந்தையின் மூச்சுத் திணறலுக்கும் நிமோனியாவுக்கும் அதே படம்தான். ஆன்டிபயாட்டிக் ஏறும், வென்டிலேட்டர் ஓடும், ஆக்சிஜன் அளவு மட்டும் ஏறாது. மற்ற நீலக் குழந்தைகளுக்கு உயிர் காக்கும் புராஸ்டாகிளாண்டின் மருந்து இங்கே சில சமயம் நிலைமையை மோசமாக்கும். அடைப்பில்லாத, மேலேறும் வகையில் சிரைகள் பருத்து, எக்ஸ்ரேயில் இதயம் 8 என்ற எண்ணைப் போலத் தெரியும் என்று 1952-ல் ஸ்னெல்லனும் ஆல்பர்ஸும் எழுதியதைப் பாடநூல்கள் விடாமல் அச்சிடுகின்றன. அந்தப் படம் தெளிவாக வர மாதங்கள் ஆகும். புதிதாய்ப் பிறந்த குழந்தையிடம் அதைத் தேடிப் பயனில்லை.

அதே பாடநூல்கள் ‘குழந்தை நீலம் பாரிக்கும்’ என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகின்றன. எழுதியவர்கள் பார்த்தவை வெளுத்த தோல் குழந்தைகள். ஆக்சிஜன் செறிவு 85 விழுக்காடு இருக்கும் குழந்தையை வெளிச்சம் குறைந்த வார்டில் பார்த்தால் நீலம் தெரிவது கடினம். மாநிறமோ கறுப்போ ஆன தோலில் இன்னும் கடினம். நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும் பார்க்கவேண்டும். ‘எங்க பரம்பரையே கறுப்புத்தான்’ என்று பாட்டி சொல்ல, தாதியும் தலையாட்டிவிட்டால் ஒரு வாரம் போய்விடும்.

கண்ணை நம்பவேண்டாம் என்ற வசதியைத் தந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. 1970களின் தொடக்கத்தில் அவர் கண்ட கோட்பாட்டிலிருந்து வந்ததுதான், கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர். பிறந்து ஒரு நாள் ஆன குழந்தையின் வலது கையிலும் காலிலும் அதை மாட்டி, 95 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் விசாரிக்கவேண்டும் என்ற சோதனையை அமெரிக்கா 2011-ல் எல்லாப் பிறப்புகளுக்கும் பரிந்துரைத்தது. சிரைகள் வழி மாறிய குழந்தைகள் அதன் முக்கிய இலக்குகளில் அடக்கம். எல்லோரையும் அது பிடித்துவிடாது. நுரையீரலுக்குப் போகும் இரத்தம் மிகுதியாக இருந்தால் செறிவு 95-ஐத் தொட்டு நழுவிவிடும் குழந்தைகளும் உண்டு. மிச்சத்தை எக்கோ பார்த்துக்கொள்ளும். முன்பு இதயத்துக்குள் குழாய் விட்டுக் கண்டதை, 1980களிலிருந்து குழந்தையின் மார்பின் மேல் ஒரு கருவியை வைத்தே காண முடிகிறது. தேடுபவர் நான்கு சிரைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

இந்த வரலாற்றில் அறுவை மருத்துவர்களுக்குச் சிலைகள் இருக்கின்றன. பாரட்-பாய்ஸுக்குச் ‘சர்’ பட்டம் கிடைத்தது. ஜொகூரின் கணக்கைப் படிக்கும்போது எனக்குப் படுவது வேறு. இன்று நல்ல கூடங்களில் அடைப்பில்லாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் அறுவையைத் தாண்டிப் பிழைக்கிறார்கள். ஆக, உயிர் போகிற இடம் அறுவை மேசையைவிட அதற்கு முந்தைய நாட்களில்தான் அதிகம்: மெர்சிங்கிலோ மூவாரிலோ, ‘சளிதான், இரண்டு நாள் பார்ப்போம்’ என்று கழிகிற நாட்களில். அந்த இரண்டு நாளைக் குறைப்பவர் பெரும்பாலும் ஒரு தாதி, அல்லது பால் குடிக்கும்போது பிள்ளைக்கு நெற்றி வேர்க்கிறதே என்று விடாமல் கேட்கும் தாய்.

அறுவையோடு கதை முடிவதும் இல்லை. தைத்த குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கோ சற்றுக் கூடுதலானவர்களுக்கோ, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள், சிரைகள் மறுபடி குறுகத் தொடங்குகின்றன. திறந்து அகலப்படுத்தினால் தையல் போட்ட இடமே தழும்பாகி இன்னும் குறுகும். 1990களின் பிற்பாதியில் பாரிஸில் லகூர்-காயேயும், டொராண்டோவில் கால்டரோனும் இதற்கு ஒரு மாற்றைச் சொன்னார்கள். சிரையின் விளிம்பில் ஊசியே படக்கூடாது. இடது மேலறையை, சிரைகளைச் சுற்றியுள்ள இதய உறையோடு தைத்துவிட்டால், சிரை தானாகவே அந்தப் பைக்குள் இரத்தத்தைக் கொட்டும். முதலில் குறுகிய சிரைகளுக்கு மட்டும் என்றிருந்ததை இப்போது சில கூடங்களில் முதல் அறுவையிலேயே செய்கிறார்கள். இது எல்லோருக்கும் வேண்டுமா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அப்படியும் சில குழந்தைகளுக்குக் குறுகல் நிற்பதில்லை. தையல் பட்ட இடத்தைத் தாண்டி, நுரையீரலுக்குள் வெகுதூரம் போய், யாரும் தொடாத சிரைகளிலும் சுவர் தடித்துக்கொண்டே போகிறது. ஏன் என்பதைத் தேடிப் போனவர்கள் புற்றுநோய் மருந்துகளின் பக்கம் வந்து நின்றார்கள். அதை அடுத்த பகுதியில் எழுதுகிறேன்.